வள்ளுவரே வாசிச்சாலும் வராத சுற்றறிக்கை

ஒரு சுற்றறிக்கை எப்படிப் பிறக்குதுன்னு பார்த்திருக்கீங்களா?

ஒருத்தர் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வேர்டுல டைப் பண்றார். அந்த நிமிஷம் வரைக்கும் அது உயிரோட இருக்கு. உள்ள ஒரு வார்த்தையைத் தேடலாம், எழுத்தைப் பெருசு பண்ணலாம், காப்பி எடுத்து வேற இடத்துல ஒட்டலாம், கம்ப்யூட்டரையே வாசிக்கச் சொல்லிக் கேக்கலாம்.

அப்புறம் பிரின்ட் எடுக்கிறாங்க. மேலதிகாரி பச்சை இங்க்ல கையெழுத்து போடுறார். கீழ ரப்பர் ஸ்டாம்ப். (கோணலா. எப்பவுமே கோணலாத்தான்.) அதை மேஜையில வெச்சு போன்ல ஒரு போட்டோ. ஓரத்துல யாரோட கட்டை விரலோ தெரியும். அந்த போட்டோவை ஒரு ஆப் பிடிஎஃப் ஆக்கும். பிடிஎஃப் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும். அங்க ஒரு புண்ணியவான் அதையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுவார்.

நம்ம கைக்கு வந்து சேர்றப்ப அதுக்குள்ள ஒரு எழுத்து கிடையாது. எழுத்து மாதிரி தெரியுற கறுப்புப் புள்ளிங்க மட்டும்தான்.

சமீபத்துல இப்படி வந்த ஒண்ணு என்னை ரொம்பக் கடுப்பேத்திடுச்சு. விஷயம் என்ன தெரியுமா? மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கான ஊர்திப்படி. (எந்த ஆபீஸ்னு சொல்ல மாட்டேன். சொன்னா அதுக்கும் ஒரு சுற்றறிக்கை வரும்.) யாருக்காகப் போட்டாங்களோ, அதுல பாதிப்பேர் படிக்கவே முடியாத மாதிரி போட்டிருக்காங்க.

இதை எனக்கு அனுப்பி, "தம்பி, இதுல என்ன இருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு"ன்னு கேட்டது எங்க ஸ்கூல் சீனியர் அண்ணன். அரசுப் பள்ளியில வரலாறு வாத்தியார். கண்பார்வை கிடையாது. ஆனா என்னைவிட ஆயிரம் மடங்கு வேகமா மெயில் பார்ப்பார். அவர் லேப்டாப் பேசுறதைப் பக்கத்துல உக்காந்து கேட்டா நமக்குத் தலை சுத்தும். அவ்ளோ வேகத்துல ஓட விட்டிருப்பார். "என்னண்ணே சொல்லுது?"ன்னு கேட்டா, "நீ மெதுவாப் படிக்கிற ஆளு, உனக்குப் புரியாது"ம்பார்.

அவர் வெச்சிருக்கறது என்விடிஏன்னு ஒரு திரைவாசிப்பான். 2006-ல ஆஸ்திரேலியாவுல மைக்கேல் கர்ரன்னு ஒருத்தர் எழுத ஆரம்பிச்சது. ஜேம்ஸ் டே அவரோட சேர்ந்துக்கிட்டார். ரெண்டு பேருக்குமே கண்பார்வை கிடையாது. அப்ப இருந்த திரைவாசிப்பான்கள் பெரும்பாலும் யானை விலை. அதனால இதை இலவசமாவே குடுத்துட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் இலவசம்தான். நம்ம ஊர் பார்வையற்ற பசங்க பலரும் படிச்சு, வேலைக்குப் போயி, பரீட்சை எழுதுறதுக்குப் பின்னாடி இந்த ஒரு மென்பொருள் இருக்கு.

அது தமிழும் வாசிக்கும். கூடவே வர்ற ஈஸ்பீக் குரல் கொஞ்சம் ரோபோ மாதிரி கரகரன்னு இருக்கும். பிடிக்கலைன்னா விண்டோஸ்லயே தமிழ்க் குரல் ஒண்ணு இருக்கு, இறக்கிக்கலாம். அந்தக் குரலுக்கு மைக்ரோசாஃப்ட் வெச்ச பேரு வள்ளுவர். (நிஜமாத்தான். போய்ப் பாருங்க.)

அந்த ஊர்திப்படி சுற்றறிக்கையைத் திறந்தா வள்ளுவர் என்ன சொன்னார்ங்கறீங்க? "பிளாங்க்." அவ்ளோதான். ரெண்டு அடிகூட இல்ல.

சரி, அடுத்தவனைத் திட்டுறது சுலபம். எனக்கே ஒரு வேலை வந்து சேர்ந்துச்சு.

எங்க பழைய மாணவர் சங்கம் மலர் போடுது. பக்க வடிவமைப்பு என் தலையில. (ஒரு காலத்துல டிடிபி சென்டர்ல வேலை பார்த்த பாவம் இன்னும் விடல.) அண்ணன் போன் பண்ணி, "மலர்ல என் கட்டுரையும் இருக்கு. இந்தத் தடவை நானே முழுசும் படிக்கிற மாதிரி குடு"ன்னார். ஒரு பிடிஎஃப் அனுப்பிட்டா முடிஞ்சுதேன்னு "சரிண்ணே"ன்னுட்டேன்.

கட்டுரைகள் வர ஆரம்பிச்சுது. வயசைப் பொறுத்து எழுத்துரு. எழுபது தாண்டினவங்க கையில எழுதி போட்டோ எடுத்து அனுப்புறாங்க. அம்பதுகள்ல இருக்கறவங்க வானவில், ஸ்ரீலிபி, பாமினி. முப்பதுகள் யூனிகோடு. இருபதுகள் வாய்ஸ் மெசேஜ்.

இந்தப் பழைய எழுத்துரு விஷயத்தைக் கொஞ்சம் விளக்கணும். பாமினியில 'தமிழ்'னு தெரியுதுல்ல, அது கம்ப்யூட்டரைப் பொறுத்தவரைக்கும் தமிழே இல்ல. ஆங்கிலத்துல ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளி. ஜே எழுத்துக்கு 'த' படம், கே எழுத்துக்கு 'ம' படம்னு மேல ஒரு வேஷம் போட்டு வெச்சிருக்காங்க. நம்ம கண்ணு வேஷத்தைப் பார்க்குது. திரைவாசிப்பான் உள்ள இருக்கறதைப் பார்க்குது. தமிழ்த்தாய் வாழ்த்தையே பாமினியில அடிச்சுக் குடுத்தாலும், அது ஏதோ பாஸ்வேர்டு ஒப்பிக்கிற மாதிரிதான் வாசிக்கும்.

எனக்கு இதுக்கு ஒரு உவமைதான் தோணுது. கல்யாண மண்டப வாசல்ல வெக்கிற பிளாஸ்டிக் வாழைமரம். போட்டோவுக்கு அம்சமா இருக்கும், தார் வெட்ட முடியாது.

ஏன் இவ்ளோ நாள் இதைக் கட்டிட்டு அழுதோம்? காரணம் பேஜ்மேக்கர். தமிழ்நாட்டுல அச்சகம், பத்திரிகை, கல்யாணப் பத்திரிகைன்னு எல்லாத்தையும் ஓட்டுன மென்பொருள். தமிழைத் தமிழாவே வெச்சுக்கிற யூனிகோடு அதுக்குத் தெரியாது, கடைசிப் பதிப்புக்குக்கூடத் தெரியாது. அதனால அச்சுக்குப் போற தமிழ் எல்லாம் வேஷம் போட்டே போச்சு. 2010-லயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமா அறிவிச்சாச்சு. (அச்சு மாதிரி வேலைங்களுக்கு டேஸ்16-னு இன்னொண்ணையும் சேர்த்து அறிவிச்சாங்க.) ஆனா கை பழகினது பழகினதுதான். இலங்கையில இருந்து எழுதுற எங்க நண்பர் ஒருத்தர் இன்னும் பாமினியில்தான் அனுப்புறார். அங்கயும் இதே கதைதான் போல.

மாத்துறதுக்கு மாற்றி இருக்கு. என்எச்எம் கன்வெர்ட்டர், இணையத்துல ஓடுற வேற பல மாற்றிகள். போட்டுத் தட்டினா யூனிகோடு வந்துடும். வந்துச்சு. ஆனா கட்டுரைக்குள்ள நடுநடுவுல ஆங்கில வார்த்தை இருக்குமே? அதையும் சேர்த்துத் தமிழாக்கிடுச்சு! ஈமெயில்ங்கற ஆங்கில வார்த்தை 'நஅயடை' ஆயிடுச்சு. வலைத்தள முகவரியில மூணு டபிள்யூ வருமில்லையா, அது 'றறற'. ஜிமெயில் டாட் காம்? 'பஅயடை.உழஅ'. ஏதோ கல்வெட்டு மாதிரி இருக்கு. அண்ணன் வரலாறு வாத்தியார்ங்கறதால வாசிச்சுடுவார்னு விட முடியுமா?

ஒரு வழி கண்டுபிடிச்சேன். வேர்டுல எழுத்துரு பேரை வெச்சுத் தேடலாம். பாமினியில இருக்கற பகுதியை மட்டும் தேடிப் புடிச்சு மாத்தினா ஆங்கிலம் தப்பிச்சுடும். ஆனா சிலர் ஆங்கில வார்த்தைக்கு எழுத்துருவை மாத்துறப்ப முன்னாடி பின்னாடி ஒரு தமிழ் எழுத்தையும் சேர்த்து இழுத்துருப்பாங்க. அதெல்லாம் கையாலதான்.

யூனிகோடு ஆயிடுச்சுன்னா நிம்மதின்னு நினைச்சா, அடுத்தது காத்துட்டு இருக்கு.

"ஆசிாியா்".

இதைப் பாருங்க. நல்லாப் பாருங்க. சரியாத்தானே இருக்கு? இல்ல! பழைய தட்டச்சுப் பழக்கத்துல 'ரி'க்கு, 'ர்'க்கு எல்லாம் 'ர'வைத் தட்ட மாட்டாங்க. துணைக்காலைப் போட்டு அது மேல கொக்கியோ புள்ளியோ வெச்சுடுவாங்க. பேப்பர்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கம்ப்யூட்டருக்கு அது 'ர்' கிடையாது, அந்தரத்துல தொங்குற ஒரு கால். 'அவர்' எல்லாம் குரல்ல நொண்டியடிச்சு வரும். தேடினாலும் கிடைக்காது. மலர் முழுக்க ஆசிரியர்களைப் பத்தின கட்டுரை, 'ஆசிரியர்'னு தேடினா பாதி ஆசிரியர்களைக் காணோம்.

இதோட தம்பி ஒருத்தன் இருக்கான். ஔவையாரை 'ஔ' போட்டு அடிக்காம, 'ஒ' அடிச்சுப் பக்கத்துல 'ள' அடிக்கிறது. கண்ணுக்கு ஔவையார். காதுக்கு ஒ-ள-வையார். வள்ளுவர் குரல்ல அதைக் கேட்கணுமே! அண்ணன் சிரிச்ச சிரிப்பு இருக்கே.

(அந்தத் துணைக்கால் சிக்கலுக்கு மட்டும் ரொம்பச் சுலபமான மருந்து இருக்கு. தேடி-மாற்று. துணைக்கால்-கொக்கியை எல்லாம் 'ரி'ன்னும், துணைக்கால்-புள்ளியை எல்லாம் 'ர்'னும் மாத்திடுங்க. தமிழ்ல துணைக்கால் மேல கொக்கியோ புள்ளியோ நியாயமா வரவே வராது. அதனால கண்ணை மூடிட்டு மாத்தலாம்.)

இப்ப பக்கம் போடுற கட்டம். பேஜ்மேக்கரை விட்டுட்டு இன்டிசைன். அதுல வேர்ல்ட் ரெடி கம்போசர்னு ஒரு அமைப்பைப் போட்டாத்தான் யூனிகோடு தமிழ் ஒழுங்கா ஒட்டும். போட்டேன். அழகா வந்துச்சு. பிடிஎஃப் எடுத்தேன். அண்ணனுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சோதனை பண்ணினேன். எல்லாரும் பண்ண வேண்டியது இது. செலவு பைசா கிடையாது.

பிடிஎஃப்ல ஒரு பத்தியைக் காப்பி எடுத்து நோட்பேட்ல ஒட்டுங்க.

அங்க என்ன வருதோ, ஏறக்குறைய அதுதான் திரைவாசிப்பானுக்குக் கிடைக்கும்.

எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா? 'நன்கொடை'ங்கறது 'நன்ெகாைட'ன்னு வந்துச்சு!

பிடிஎஃப் 1993-ல வந்தது. எந்தக் கம்ப்யூட்டர்ல திறந்தாலும், எந்த பிரின்டர்ல அடிச்சாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்கணும், அதுதான் அதோட பிறவிப்பயன். இந்த வடிவத்தை இந்த இடத்துல வை, அந்த வடிவத்தை அந்த இடத்துல வைன்னு ஒரு பட்டியல், அதுதான் பக்கம். தமிழ்ல 'கொ'ங்கறதுக்கு ஒற்றைக்கொம்பு முன்னாடி, 'க' நடுவுல, கால் பின்னாடி. பக்கத்துல அந்த வரிசையிலதான் வெக்கணும். ஆனா யூனிகோடுல 'க' முதல்ல, உயிர்க்குறி பின்னாடி. பிடிஎஃப் பண்ற மென்பொருள் இந்த ரெண்டு வரிசைக்கும் நடுவுல பாலம் போட்டு வெக்கலைன்னா, திரும்ப எடுக்கிறப்ப கொம்பு தனியா, எழுத்து தனியா வந்து விழும். ஆங்கிலத்துக்கு இந்தத் தலைவலியே கிடையாது. அதனால அங்க எழுதி வெச்ச யோசனை எல்லாம் நமக்குப் பாதிதான் பொருந்தும்.

இது எழுத்துச் சிக்கல். அது தாண்டி அமைப்புன்னு ஒண்ணு இருக்கு. இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணைன்னு உள்ள அடையாளம் குத்தி வெக்கிற வசதி பிடிஎஃப்ல 2001-லயே வந்துடுச்சு. 2012-ல அதுக்குன்னே பிடிஎஃப்/யூஏன்னு ஐஎஸ்ஓ தரமும் வந்துச்சு. ஆனா நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க? வேர்டுல எல்லாம் ஒழுங்கா பண்ணிட்டு, கடைசியில 'பிரின்ட்' போய் அங்க இருந்து பிடிஎஃப் எடுக்கிறாங்க. பிரின்டருக்குத் தலைப்பு எது பத்தி எதுன்னு தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? அத்தனை அடையாளமும் அங்கயே உதிர்ந்துடும். 'சேவ் ஆஸ்' போய் பிடிஎஃப் எடுத்தா உதிராது. ஒரே ஒரு மெனு வித்தியாசம்! லிப்ரே ஆபீஸ்ல இன்னும் நல்லா, ஏற்றுமதி பண்றப்பவே பிடிஎஃப்/யூஏ வேணுமான்னு ஒரு கட்டம் இருக்கு, டிக் அடிச்சாப் போதும்.

நான் இன்டிசைனோட கொஞ்ச நாள் மல்லுக்கட்டினேன். ரெண்டு பத்தியா ஓடுற பக்கத்துல எதுக்கு அப்புறம் எதைப் படிக்கணும்னு அதுல இருக்கற ஆர்ட்டிகிள்ஸ் பேனல்ல வரிசைப்படுத்தினேன். வரிசை வந்தா கொம்பு போச்சு. கொம்பு வந்தா அட்டவணை போச்சு. அண்ணன்கிட்ட புலம்பினா அவர் சாதாரணமாச் சொல்றார்: "எனக்கு எதுக்குப்பா பிடிஎஃப்? வேர்டு குடு. இல்ல இபப் குடு. உன் டிசைனை நான் என்ன பண்ணப்போறேன்?"

அட!

அதுக்கப்புறம் ரூட்டையே மாத்திட்டேன். முதல்ல வேர்டுல சுத்தமான ஒரு மூலப்பிரதி. அதுல இருந்து ஒரு கிளை அச்சுக்கு, இன்னொரு கிளை இபப்ங்கற மின்னூல் வடிவத்துக்கு. மலரோட அழகெல்லாம் அச்சுக் கிளையில. அண்ணன் இபப்பை தோரியம்னு ஒரு இலவச வாசிப்பான்ல திறந்து கேக்குறார். இந்த இபப்ல எழுத்தைப் பெருசாக்கினா வரி தானா மடிஞ்சுக்கும். கண்புரை ஆபரேஷன் பண்ணின எங்க தலைவர், "எனக்கும் அதையே அனுப்பு, புக்குல எழுத்து பொடியா இருக்கும்"ன்னு வாங்கிட்டுப் போயிட்டார். போன்ல படிக்கிற இளவட்டங்களும் அதைத்தான் கேக்குது. பிடிஎஃப்பை போன்ல ரெண்டு விரலால இழுத்து இழுத்துப் படிச்ச எல்லாருக்கும் தெரியும், அது என்ன அவஸ்தைன்னு.

வேர்டு மூலப்பிரதியைச் சுத்தம் பண்றதுன்னா என்னங்கறீங்க? பெரிய வித்தை எதுவும் இல்ல. பெருசாக்கி போல்டு பண்ணினதெல்லாம் தலைப்பு ஆகாது. 'ஹெடிங்' ஸ்டைல் போட்டாத்தான் தலைப்பு. அண்ணன் எச் பட்டனைத் தட்டித் தட்டி ஒவ்வொரு தலைப்பா தாவுறார். டி தட்டினா அட்டவணை. நாம பக்கத்தைப் புரட்டிக் கண்ணால மேயுறோமே, அதுக்கு அவர்கிட்ட இருக்கற ஒரே ஈடு இதுதான். நூறு பக்க மலர்ல ஒரு ஹெடிங்கும் இல்லைன்னா முதல் பக்கத்துல இருந்து வரிசையாக் கேட்டுட்டே வரணும்.

அடுத்த பக்கம் போறதுக்கு என்டரைத் தட்டோ தட்டுன்னு தட்டுவோம்ல? ஒவ்வொரு காலி வரிக்கும் அங்க ஒரு "பிளாங்க்". அண்ணன் இதை மிமிக்ரி பண்ணிக் காட்டினார்: "பிளாங்க் பிளாங்க் பிளாங்க் பிளாங்க் செயலாளர் உரை". கன்ட்ரோலோட சேர்த்து ஒரு என்டர் அடிச்சா அடுத்த பக்கம். அதுக்கு இவ்ளோ கூத்து.

மொழியும் சொல்லி வெக்கணும். இந்தப் பத்தி தமிழ், இந்தச் சொல் ஆங்கிலம்னு வேர்டுல குறிச்சு வெச்சா குரல் அதுவா மாறிக்கும். இல்லைன்னா ஆங்கிலக் குரல் தமிழைப் பார்த்து முழிக்கும், இல்ல தமிழ்க் குரல் ஆங்கிலத்தை மென்னு துப்பும்.

இப்ப படங்கள். எனக்கு இந்த வேலையில ரொம்பப் பிடிச்ச பகுதி.

படத்துக்கு மாற்றுரைன்னு ஒரு வரி எழுதணும். பார்க்க முடியாதவங்களுக்குக் குரல் அதை வாசிக்கும். முகநூல்ல 2016-ல இருந்து மெஷினே எழுதுது. அது நாம போடுற கவிதைப் படத்துக்கு, 'எழுத்து இருக்கும் படமாக இருக்கலாம்'ங்கற ரகத்துல ஏதாவது சொல்லி வெக்கும். என்ன எழுத்துன்னு கேக்காதீங்க.

மாற்றுரை எழுதுறதுக்குப் பெரிய சூத்திரம் ஒண்ணும் இல்ல. அந்தப் படம் அங்க எதுக்கு இருக்குன்னு கேட்டுக்கணும், அவ்ளோதான். ஓரத்துல போட்ட கோலம், குத்துவிளக்கு எல்லாம் அலங்காரம்னு குறிச்சுட்டாப் போதும், குரல் தாண்டிப் போயிடும். வரவு செலவு வட்டப்படம் இருக்கா? 'வண்ணமயமான வட்டம்'னு எழுதி என்ன பிரயோஜனம்? எதுக்கு எவ்ளோ செலவுன்னு எழுதணும்.

ஆனா பழைய மாணவர் மலர்ல குரூப் போட்டோதானே விசேஷம்! அண்ணன் பேட்ச் போட்டோவுக்கு நான் எழுதினதை வாசிச்சுக் காட்டினேன். பள்ளி முன்வாசல், நாலு வரிசை, முன்னாடி நாற்காலியில ஆசிரியர்கள்னு. அவர் கேட்டார்: "அதெல்லாம் சரி, நான் எங்க நிக்கிறேன்?"

"மூணாவது வரிசைண்ணே. இடது ஓரம்."

"எப்படி இருக்கேன்?"

"சட்டையில மேல் பட்டன் இல்ல. எல்லாரும் கேமராவைப் பார்க்குறாங்க, நீங்க மட்டும் பக்கத்துல இருக்கற ஆளுகிட்ட ஏதோ பேசிட்டு இருக்கீங்க."

"அப்பவே சொன்னேன், அவன் என் காலை மிதிச்சுட்டு நின்னான்."

அந்த மிதிச்ச சமாச்சாரத்தையும் மாற்றுரையில சேர்த்துட்டேன். தரநிலைப்படி மாற்றுரை சுருக்கமா இருக்கணும்னு யாராவது வந்தா வரட்டும், பேசிக்கலாம்.

கலர் பத்தி ஒரு வரி. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில 4.5-க்கு 1 விகிதத்துலயாவது வேறுபாடு வேணும்னு இணைய அணுகல் வழிகாட்டி சொல்லுது. வெள்ளையில கறுப்பு 21. வெள்ளையில பளீர் மஞ்சள்? 1.07. நம்ம ஃபிளெக்ஸ் ரசனைக்கு இதெல்லாம் எங்க ஏறும். 'சிவப்பில் உள்ளவை கட்டாயம்'னு படிவத்துல போடுறவங்களுக்கும் ஒரு கும்பிடு. நிறம் பிரிச்சறிய முடியாதவங்க, திரைவாசிப்பான்ல கேக்கறவங்க, கறுப்பு வெள்ளை பிரின்ட் எடுத்தவங்க, மூணு பேரும் சேர்ந்து உங்களைத் தேடிட்டு இருக்காங்க. அப்புறம் 'பிரின்ட் எடுத்து, கையால் பூர்த்தி செய்து, ஸ்கேன் செய்து அனுப்பவும்'. பேனா பிடிக்க வராத கை உள்ளவங்க கீபோர்டுல தட்டிடுவாங்க, தட்டுறதுக்குத்தான் நீங்க இடம் விடலையே.

சட்டம் இல்லையான்னு கேட்டா, தாராளமா இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 42-வது பிரிவு இதுக்குன்னே இருக்கு. ஒலி, அச்சு, மின்னணு எந்த வடிவத்துல உள்ளடக்கம் வந்தாலும் அணுகக்கூடியதா இருக்க அரசு வழிசெய்யணும்னு. இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 17802-னு ஒரு தரத்தையே 2021-ல இருந்து வெளியிட்டு வெச்சிருக்கு. 2024 நவம்பர்ல ராஜீவ் ரதூரி வழக்குல உச்ச நீதிமன்றம், இதெல்லாம் வெறும் பரிந்துரையா இருந்தா போதாது, மூணு மாசத்துல கட்டாய விதி போடுங்கன்னுச்சு. (அவர் வழக்குப் போட்டது 2005-ல. சும்மா தகவலுக்குச் சொன்னேன்.) 2025 ஏப்ரல் 30-ல இன்னொரு தீர்ப்பு. வங்கிக் கணக்குக்கு கேஒய்சி பண்றப்ப கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டச் சொல்லுது, ஆசிட் வீச்சுல கண்ணிமை போனவங்க எப்படிச் சிமிட்டுவாங்க? அதுல இருந்து கிளம்பின வழக்கு. பார்வையற்றவங்க தரப்புல போட்ட வழக்கும் சேர்ந்துச்சு. டிஜிட்டல் அணுகல், அரசியல் சட்டத்தோட 21-வது பிரிவு சொல்ற வாழும் உரிமையில அடக்கம்னு நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் சொல்லிட்டாங்க.

உச்ச நீதிமன்றம் இவ்ளோ தூரம் போயிடுச்சு. நம்ம ஆபீஸ் மேஜையில கட்டை விரல் இன்னும் நகரல.

"கையெழுத்து வேணுமே சார், என்ன பண்றது?"ன்னு கேப்பாங்க. நியாயமான கேள்வி. டிஜிட்டல் கையெழுத்து இருக்கு. அதுக்கு ஆபீஸ்ல ஏற்பாடு இல்லையா? கையெழுத்துப் போட்ட ஸ்கேனை அனுப்புங்க, கூடவே மூல வேர்டு ஃபைலையும் சேர்த்து அனுப்புங்க. அது ஏற்கனவே உங்க கம்ப்யூட்டர்ல இருக்கே! ஒரு பைசா செலவில்ல, ஒரு புது மென்பொருள் வேண்டாம், பயிற்சி வகுப்பு நடத்தி சமோசா குடுக்க வேண்டாம். நான் இந்த யோசனையை அந்த ஆபீஸ்காரர் ஒருத்தர்கிட்ட சொன்னேன். "வேர்டு குடுத்தா யாராவது திருத்திடுவாங்களே"ன்னார். போட்டோவை மட்டும் திருத்த முடியாதுன்னு நம்புற மனுஷனை என்ன பண்றது?

படத்துல இருந்து எழுத்தைப் பிரிச்செடுக்கிற ஓசிஆர் போட்டுக்கலாமேன்னு சிலர் சொல்றாங்க. உண்மைதான், கூகுள் டிரைவ்ல ஏத்தி கூகுள் டாக்ஸா திறந்தா தமிழை இப்ப நல்லாவே எடுக்குது. அண்ணனும் அதை வெச்சுத்தான் பாதி வண்டி ஓட்டுறார். ஆனா கோணல் ஸ்டாம்ப் விழுந்த இடத்துல தேதி இருக்கும், தொகை இருக்கும். அது சரியா வந்திருக்கான்னு சரிபார்க்க யாராவது ஒரு கண்ணுதானே திரும்ப வேணும்?

மலர் கதைக்கு வர்றேன். இபப் கொண்டு போய்க் குடுத்தேன். அண்ணன் ராத்திரி உக்காந்து கேட்டு முடிச்சுட்டார். காலையில போன். பாராட்டுன்னு நினைச்சு எடுத்தா, பிழைப் பட்டியல்! மூணு பேர் மெய்ப்புப் பார்த்த மலர்ங்க அது. கண்ணு நல்லா இருக்கற மூணு பேர். 'பள்ளி' ஒரு இடத்துல 'பல்லி'ன்னு இருக்காம், தலைமையாசிரியர் வாழ்த்துரையில. கண்ணு வேகமாப் போறப்ப அதுவே திருத்திப் படிச்சுக்குது, குரல் உள்ளதைத்தான் சொல்லுது. நல்லவேளை, அச்சுக்குப் போகல.

அடுத்த மலருக்கு மெய்ப்பு அண்ணன்தான்னு சங்கத்துல முடிவாயிடுச்சு. அவர் இப்பவே வேலையை ஆரம்பிச்சுட்டார். நன்கொடையாளர் அட்டவணையில ஒரு பேரு ரெண்டு இடத்துல வருதாம், ஒரே தொகையோட. "அந்த ஆளு ரெண்டு தடவை குடுத்தாரா, இல்ல நீங்க ரெண்டு தடவை போட்டீங்களா?"ன்னு கேட்டார்.

பொருளாளர் ரசீது புக்கைத் தேடிட்டு இருக்கார்.